பாண் பூஞ்சணத்திடம் விடை கண்ட விவசாயி மகன்

மறந்து வைத்த பாண் துண்டின் மீது பூஞ்சணம் படர்ந்திருப்பதைக் கண்டால் அதனைத் தூக்கியெறிவதே எமது வழக்கம். வெதுப்பகங்களில் செம்மஞ்சள் நிறத்திற் படர்ந்து தொல்லை கொடுக்கும் நியூரொஸ்போரா என்ற பூஞ்சணத்தைக் கண்ணாடிக் குழாய்களில் வளர்த்து, உயிரினுள்ளே பரம்பரையலகு ஆற்றும் பணி யாது என்ற வினாவுக்கு விடை தேடியவர் அமெரிக்க விஞ்ஞானி ஜோர்ஜ் பீடில்.

1903 ஆம் ஆண்டு நெப்ராஸ்கா மாநிலத்தின் வாகூ என்ற சிற்றூரில், 40 ஏக்கர் பண்ணையொன்றில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்த அவர், தந்தையின் நிலத்தைப் பார்த்துக்கொள்வார் என்பதே குடும்பத்தின் எதிர்பார்ப்பு. பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்த பெஸ் மக்டொனால்ட் என்ற ஆசிரியையே அவரைப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லுமாறு தூண்டினார். அந்த ஆசிரியையின் பெயர் விஞ்ஞான வரலாற்றில் அடிக்குறிப்பாகவேனும் நிற்பது நியாயமே என்று நாம் கருதுகின்றோம்.

கோர்னெல் பல்கலைக்கழகத்திற் சோளம் பற்றிய ஆய்வுக்காக 1931 இல் கலாநிதிப் பட்டம் பெற்ற பீடில், பின்னர் பழ ஈக்களின் பக்கம் திரும்பினார். 1935 இல் பாரிஸ் நகரில் பொரிஸ் எப்ருசியுடன் இணைந்து, ஒரு குடம்பியின் கண் அரும்பை எடுத்து மற்றொரு குடம்பியின் உடலிற் பதிக்கும் நுண்ணிய வேலையில் ஈடுபட்டார். கண்ணின் நிறத்தைத் தீர்மானிக்கும் பரம்பரையலகுகள், இரசாயனத் தாக்கங்களைப் படிப்படியாக நடத்துகின்றன என்ற ஊகம் அங்கு பிறந்தது. ஆனால் அந்த இரசாயனப் பொருள் எதுவென இனங்காண்பது எளிதாயிருக்கவில்லை. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அவருடன் சேர்ந்த உயிரிரசாயனவியலாளர் எட்வேர்ட் டாட்டம் ஆண்டுக்கணக்கில் அதற்காக உழைத்தார். இறுதியில் ஜேர்மனியில் புட்டனாண்டின் குழுவினர் முந்திக்கொண்டனர். தமது மகன் பிறப்புரிமையியலாளனாகவும் இல்லாமல் உயிரிரசாயனவியலாளனாகவும் இல்லாமல் இடைநடுவில் நின்றுவிடுவானோ என்று, பேராசிரியரான டாட்டமின் தந்தையார் கவலைப்பட்டதில் வியப்பில்லை.

1941 இல் டாட்டமின் விரிவுரையொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே பீடிலுக்கு வழி புலப்பட்டது. விகாரமொன்றை வைத்துக்கொண்டு அதன் இரசாயனத்தைத் தேடுவதை விடுத்து, இரசாயனம் ஏற்கனவே தெரிந்த பொருள்களை உண்டாக்க இயலாத விகாரங்களைத் தேடினால் என்ன? இந்தத் தலைகீழ்க் கேள்வியே அவரது வாழ்வின் மிகப் பெரிய சாதனை என்பது எமது எண்ணம். ஏனையவை அதன் பின் வந்த உழைப்பு.

அதற்கு நியூரொஸ்போரா மிகவும் வாய்ப்பாக அமைந்தது. சீனி, சில கனியுப்புகள், பயோட்டின் என்னும் ஒரேயொரு விற்றமின் ஆகியன கொடுத்தாற் போதும். தனக்குத் தேவையான ஏனைய விற்றமின்களையும் அமினோ அமிலங்களையும் அது தானே ஆக்கிக்கொள்ளும். அதன் கலங்களில் நிறமூர்த்தங்கள் ஒற்றைத் தொகுதியாக இருப்பதால், பழுது ஏற்பட்டால் அது மறைந்திராது. வித்திகள் மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி, ஏனைய பூஞ்சணத்துடன் இனங்கலந்து, கிடைத்த வித்திகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் செழிப்பான ஊடகத்தில் வளர்த்தனர். பின்னர் ஒவ்வொன்றிலிருந்தும் சிறிதளவை எளிய ஊடகத்துக்கு மாற்றினர். அங்கு வளர மறுப்பதே அவர்கள் தேடிய பழுதுற்ற வகை. அதற்கு விற்றமின்களையும் அமினோ அமிலங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எதைச் சேர்த்தபோது வளர்கின்றதோ, அதை ஆக்கும் ஆற்றலையே அது இழந்திருக்கின்றது.

298 வித்திகள் ஒன்றன்பின் ஒன்றாக எளிய ஊடகத்திலும் குறையின்றி வளர்ந்தன. 299 ஆவது வளரவில்லை. விற்றமின் பி6 சேர்த்ததும் வளர்ந்தது. மேலும், சேர்க்கும் விற்றமினின் செறிவுக்கேற்பவே வளர்ச்சி வேகமும் கூடிக் குறைந்தது. கிடையாக வைத்த நீண்ட குழாய்களில் பூஞ்சணத்தின் விளிம்பு எவ்வளவு தூரம் நகர்ந்ததென அளந்து அதனைக் காட்டினர். 1944 இல் அவரது ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சேர்ப், ஹொரோவிட்ஸ் ஆகியோர், ஆர்ஜினின் கொடுத்தால் மட்டுமே வளரும் வகை, சிற்றுலின் கொடுத்தாலும் வளரும் வகை, ஓர்னிதீனே போதுமான வகை எனப் பிரித்து, கலத்தினுள் ஆர்ஜினின் உருவாகும் பாதையையே படிப்படியாக வரைந்தனர்.

ஒரு பரம்பரையலகு, ஒரு நொதியம் என்ற கருத்து இவ்வாறு உருவானது. எல்லாப் பரம்பரையலகுகளும் நொதியங்களை ஆக்குவதில்லை என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. இங்கிலாந்து வைத்தியர் ஆர்ச்சிபோல்ட் கரொட், பரம்பரை நோய்களைக் கொண்டு இதையொத்த உண்மையை நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டிருந்தார். அவரே முன்னோடி என்பதைப் பீடில் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். 1958 இன் மருத்துவ நோபல் பரிசில் ஒரு பாதி பீடிலுக்கும் டாட்டமுக்கும், மறு பாதி ஜோஷுவா லெடர்பேர்க்குக்கும் வழங்கப்பட்டது.

1961 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற பீடில், 1968 இல் ஓய்வு பெற்றதும் இளமையில் விட்டுவந்த சோளத்திடமே திரும்பினார். தியோசிந்தே என்ற காட்டுப் புல்லே சோளத்தின் மூதாதை என அவர் நெடுங்காலமாக வாதிட்டு வந்தவர். அதனை நிறுவுவதற்காக இரண்டையும் இனங்கலந்து, ஏறத்தாழ 50,000 செடிகளை வளர்த்து எண்ணினார். முதுமையில் அல்ஸைமர் நோய் அவரது நினைவைக் கவர்ந்துகொண்டது. 1989 ஜூன் 9 ஆம் திகதி கலிபோர்னியாவில் அவர் காலமானார். சோளத்தின் மூதாதை பற்றி அவர் கூறியது சரியே என்பதைப் பிற்கால மூலக்கூற்று ஆய்வுகள் உறுதிப்படுத்தின.