மூளையை வரைந்த மருத்துவர்

ஸ்பெயின் நாட்டில் 1852ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் சந்தியாகோ ரமோன் இ கஹால் பிறந்தார். தந்தையார் மருத்துவர். மகனுக்கோ ஓவியத்தில்தான் ஆசை. குறும்பும் அதிகம். பதினோரு வயதில் தாமே செய்த பீரங்கியால் அண்டை வீட்டுக் கதவைத் தகர்த்து, சிறையிலும் அடைக்கப்பட்டார்! முடிதிருத்துபவரிடமும் காலணி தைப்பவரிடமும் தொழில் பழக விடப்பட்டார். பின்னர் தந்தையார் அவரை இடுகாட்டுக்கு அழைத்துச் சென்று, எலும்புகளைப் பொறுக்கி வந்து வரையச் செய்தார். மருத்துவப் படிப்பில் அவருக்கு ஆசை பிறந்தது அப்போதுதான்.

1873இல் பட்டம் பெற்றார். கியூபாவில் படை மருத்துவராயிருந்து மலேரியாவோடு திரும்பினார். 1887இல், இத்தாலிய அறிஞர் கோல்ஜி கண்டுபிடித்த சாயமுறையைக் கண்டார். வெள்ளி உப்பு மூளையின் சில செல்களை மட்டும் கறுப்பாக்கிக் காட்டும். மூளை முழுதும் ஒரே வலை என்றார் கோல்ஜி. தனித்தனி செல்களே என்று வரைந்து காட்டினார் கஹால். 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கிடைத்தது! நரம்பு செல் படம் வரைந்து கை வலித்த நமக்கு அவர் உழைப்பு புரியும்.

மிதிவண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட என் சித்தப்பாவுக்கு இன்னும் பெயர்கள் மறந்துபோகின்றன. அதனால் கஹாலின் அடுத்த ஆய்வே என்னை ஈர்த்தது. விலங்குகளின் மூளையில் அறுபட்ட நரம்பிழைகளைக் கவனித்தார். அவை துளிர்விட்டன, சில நாட்களில் வாடின. வளர்ந்தவர் மூளையில் அழிந்தது மீளாது என்று 1913–14இல் வெளியிட்ட நூலில் முடிவு கூறினார். எனினும், அதை மாற்றும் பொறுப்பைப் பின்வரும் அறிவியலாரிடம் விட்டார். உலகம் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்தது. 1934இல் அவர் மறைந்தார்.

வளர்ந்த எலியின் மூளையிலும் புதிய நரம்பு செல்கள் தோன்றுவதாக 1962இல் ஜோசப் ஆல்ட்மன் எழுதியபோது நம்பியவர் சிலரே. 1992இல் கனடாவில் ரெனால்ட்ஸும் வைஸும் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்தெடுத்தனர். புதிய செல்களை ஈனும் தாய் செல்கள் இவை. தலையில் அடிபட்டதும் எலிகளில் இவை விரைந்து பெருகுகின்றன. சில காயத்தை நோக்கி நகர்கின்றன. ஆனால் பெரும்பாலானவை மடிகின்றன, அல்லது நரம்பைத் தாங்கும் துணைச் செல்களாகின்றன. நரம்பு செல்லாகி நிலைப்பவை மிகக் குறைவு. மனித மூளையில் இது எவ்வளவு நடக்கிறது என்பதில் அறிஞர்கள் இன்னும் மாறுபடுகின்றனர். அந்தச் சிலவற்றை எப்படி வாழவைப்பது என்று இன்றும் ஆய்கின்றனர்.