பேனாவை விலை பேச விடாத மவ்லானா

மவ்லானா அபுல் கலாம் ஆசாத் (ரஹ்) அவர்கள் யார் என்று நம் பிள்ளைகளிடம் கேட்டால், சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர் என்று பதில் வரும். ஆனால் அமைச்சராவதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு வாரப் பத்திரிகையின் ஆசிரியராக ஆங்கில அரசை அவர் கலங்க வைத்ததை நம்மில் பலர் அறிவதில்லை. வீட்டுக்குச் செய்தித்தாள் வாங்கும் வழக்கம் குறைந்து, கைப்பேசியில் வருவதெல்லாம் செய்தி என்றாகிவிட்ட இக்காலத்தில் அந்த வரலாற்றை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

1888 நவம்பர் 11 அன்று புனித மக்காவில் அவர் பிறந்தார். தாயார் அரபுப் பெண்மணி. தந்தை மவ்லானா கைருத்தீன், திரளான முரீதுகளைக் கொண்ட ஆன்மிகப் பெரியார். குடும்பம் கல்கத்தாவில் குடியேறியது. ஆசாத் பள்ளிக்கூடம் போனதில்லை. தந்தையிடமும் வீட்டுக்கு வந்த ஆசிரியர்களிடமும் ஓதி, உலமாக்களுக்குரிய பாடத்திட்டத்தைப் பதினாறு வயதுக்குள் முடித்துவிட்டார். மேலைக் கல்வியைத் தந்தை விரும்பாததால், ஆங்கிலத்தைப் பிறகு தாமாகவே கற்றார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலச் செய்தித்தாள்களைப் படித்ததும் அந்த முயற்சியில் அடங்கும்.

தந்தையின் இடத்தில் அமர்ந்திருந்தால் மதிப்பும் வசதியும் தேடி வந்திருக்கும். அவரோ பேனாவைத் தேர்ந்துகொண்டார். 1903-இல், பதினைந்து வயதில், 'லிஸானுஸ் ஸித்க்' என்ற இதழை நடத்தினார். 'உண்மையின் நாவு' என்பது அதன் பொருள். பின்னர் லக்னோவின் 'அந்நத்வா', அமிர்தசரஸின் 'வகீல்' ஆகிய இதழ்களில் பணியாற்றித் தொழிலைப் பழகினார்.

1912 ஜூலை 13 அன்று கல்கத்தாவில் 'அல்ஹிலால்' உருது வார இதழ் பிறந்தது. அன்றைய உருதுப் பத்திரிகைகளைக் காத்திபுகள் கையால் எழுத, கல் அச்சில் அவை பதிக்கப்படும். எழுத்து அழகாக இருக்கும். ஆனால் வேலை மெதுவாக நடக்கும், படங்களை அச்சிடுவதும் சிரமம். ஆசாத் துணிந்து ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிடும் முறைக்கு மாறினார். புகைப்படங்களையும் சேர்த்தார். எகிப்து, துருக்கி நாடுகளின் இதழ்களுக்கு நிகரான தோற்றம் உருதுவுக்கும் கிடைத்தது.

புதிய தோற்றத்தைவிட, அது சொன்ன விஷயமே வாசகரைப் பிடித்தது. முஸ்லிம்கள் ஆங்கில ஆட்சிக்கு அடங்கிப் போவதே நல்லது என்று சமுதாயத் தலைவர்கள் பலர் கூறிவந்த காலம் அது. மற்ற சமுதாயத்தாரோடு கைகோத்து விடுதலைக்குப் போராடுவது நம் கடமை என்று அல்ஹிலால் எழுதியது. சொந்தச் சமுதாயத்திலிருந்தே கடும் எதிர்ப்பும் கொலை மிரட்டலும் வந்தன. வாசகர்களோ பெருகிக்கொண்டே போனார்கள். புதிய சந்தாதாரர்கள் முதல் இதழிலிருந்தே கேட்டதால், மூன்று மாதங்களுக்குள் பழைய இதழ்கள் அத்தனையையும் மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டுகளுக்குள் வாரம் 26,000 பிரதிகள் விற்றதாகத் தம் தன்வரலாற்றில் அவர் பதிவு செய்கிறார். உருது இதழ்கள் அதற்கு முன் காணாத எண்ணிக்கை அது. செல்வந்தர்களின் அன்பளிப்பில் பத்திரிகை நடத்தக்கூடாது, வாசகர் தரும் சந்தாவே அதன் ஜீவனம் என்பது அவருடைய கொள்கை.

அரசு சும்மா இருக்கவில்லை. 1910-ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டப்படி முதலில் 2,000 ரூபாய் ஜாமீன் தொகை கேட்டது. அதைப் பறிமுதல் செய்துவிட்டு 10,000 ரூபாய் கேட்டது. எழுத்தின் சூட்டைக் கொஞ்சம் தணித்திருந்தால் பணமும் தப்பியிருக்கும், பத்திரிகையும் தப்பியிருக்கும். அவர் தணிக்கவில்லை. 1914 நவம்பரில் அல்ஹிலால் நின்றது. ஓராண்டு கழித்து 'அல்பலாக்' என்ற புதுப் பெயரில் மீண்டும் எழுதினார். 1916-இல் வங்காளத்தை விட்டே வெளியேற்றப்பட்டார். வேறு பல மாகாணங்களும் கதவடைத்துவிட, ராஞ்சி சென்றார். அங்கேயே காவலில் வைக்கப்பட்டு 1920 ஜனவரி 1 வரை இருந்தார். அவர் எழுதிவந்த குர்ஆன் விளக்கத்தின் கையெழுத்துப் பிரதிகளைக்கூடக் காவலர்கள் அள்ளிச் சென்றனர். அவை பாழாகித் திரும்பியபோது, உட்கார்ந்து மறுபடியும் எழுதினார். ராஞ்சியில் ஒரு மதரஸாவையும் உருவாக்கினார்.

1927-இல் அல்ஹிலால் மீண்டும் சில மாதங்கள் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் நம் சென்னையில் 'முஸல்மான்' உருது நாளிதழ் தொடங்கப்பட்டது. காத்திபுகளின் கையெழுத்திலேயே வெளிவந்து, கணினி வந்த பிறகும் அந்த முறையை விடாமல் காத்த பத்திரிகை அது. ஒருவர் புதிய அச்சு முறைக்கு மாறினார், மற்றவர் பழையதைப் பேணினார். ஆக, கருவி எதுவாக இருந்தாலும் பத்திரிகையை நிலைநிறுத்துவது நம்பிக்கைதான் என்பது புரிகிறது.

1958 பிப்ரவரி 22 அன்று டெல்லியில் மறைந்த மவ்லானா, ஜாமிஆ மஸ்ஜித் அருகே துயில்கிறார். இன்று ஈய எழுத்தும் இல்லை, ஜாமீன் தொகையும் இல்லை. செய்தியும் காசில்லாமல் கிடைக்கிறது. ஆனால் நாம் காசு கொடுக்காத செய்திக்கு வேறு யாரோ காசு கொடுக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். யார் எழுதினார், உண்மைதானா என்று பாராமல் குடும்பக் குழுக்களில் அனுப்பி வைக்கிறோம். வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிட்டிருப்பது நமக்குத் தெரியாததல்ல.

நேர்மையான ஒரு பத்திரிகைக்காவது சந்தா கட்டுவோம். பிள்ளைகளை மருத்துவம், பொறியியல் என்று மட்டும் பார்க்காமல், எழுதும் ஆர்வமுள்ளவர்களை இதழியலுக்கும் அனுப்புவோம். அன்று 26,000 பிரதிகளைக் காசு கொடுத்து வாங்கிய வாசகர்கள் இல்லையென்றால் அல்ஹிலால் இல்லை. அந்த இடத்தில் இன்று நாம் இருக்கிறோம்.

அல்லாஹ் மவ்லானா அவர்களின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக!