உப்பைப் படிக்க பெர்லின் போன மாணவர்
டாக்டர் லோகியாவின் வாழ்க்கையில் நான்கு வருஷங்கள்

கல்பாக்கத்தை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. இன்று அதில் படகுப் போக்குவரத்து இல்லை. ஒரு காலத்தில் உப்பு மூட்டைகளும் விறகும் ஏற்றிய படகுகள் இந்தக் கால்வாய் வழியாகத்தான் சென்னைக்குப் போயின. வடக்கே கோவளம், கேளம்பாக்கம். தெற்கே செய்யூர், மரக்காணம். எல்லாம் உப்பளம் உள்ள ஊர்கள்.

சித்திரை வெயிலில் இந்த அளங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாத்திகளில் உப்பு நீர் காய்ந்து வெள்ளை வெளேர் என்று பூக்கும். கண் கூசும். ஆணும் பெண்ணும் வெறுங்காலுடன் நின்று, பலகையால் உப்பை வாரிக் கரையில் குவிப்பார்கள். உப்புத் தண்ணீர் பட்டுக் கால் வெடித்திருக்கும்.

இப்படி உழைத்து எடுத்த உப்பை, வெள்ளைக்காரன் காலத்தில், வரி கட்டாமல் ஒரு பிடி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அளத்தைச் சுற்றிக் காவல். கழிமுகத்தில் தானாக விளைந்த உப்பை அள்ளினாலும் குற்றம். அதை ஜனங்கள் எடுத்துவிடக் கூடாது என்று சர்க்கார் சேவகர்கள் காலால் மிதித்தும் மண்ணோடு கலந்தும் அழித்தார்கள்.

இந்த அநியாயத்தை ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்க ஓர் இந்திய மாணவர் முன்வந்தார். ஆனால், அவர் அதைப் படித்த இடம் இந்தியா அல்ல. ஜெர்மனியின் தலைநகரான பெர்லின்! அவர்தான் ராம் மனோகர் லோகியா.

தாயில்லாப் பிள்ளை

1910-ம் வருஷம் மார்ச் 23-ந் தேதி, ஐக்கிய மாகாணத்தில் அக்பர்பூர் என்ற சிற்றூரில் பிறந்தார் லோகியா. நடை பழகும் வயதிலேயே தாயை இழந்தார். தகப்பனார் ஹீராலால், காந்தியடிகளிடம் பக்தி கொண்டவர். மகனைச் சிறு வயதிலேயே காந்தியடிகளிடம் அழைத்துச் சென்றார்.

பம்பாயில் பள்ளிப் படிப்பு. காசி சர்வகலாசாலையில் இன்டர்மீடியட். கல்கத்தா வித்யாசாகர் கல்லூரியில் பி.ஏ. 1929-ல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது பத்தொன்பது.

அந்த நாளில் மேல்படிப்பு என்றால் லண்டன்தான். பாரிஸ்டர் பட்டம், ஐ.சி.எஸ். உத்தியோகம் என்று பெற்றோர் கனவு காண்பார்கள். லோகியாவும் முதலில் இங்கிலாந்துக்குத்தான் போனார். ஆனால், தன் நாட்டை அடிமைப்படுத்திய தேசத்தில் படிக்க அவர் மனம் ஒப்பவில்லை. அங்கிருந்து பெர்லினுக்குப் புறப்பட்டுவிட்டார்.

மூன்று மாதத்தில் ஜெர்மன் மொழி

பெர்லின் சர்வகலாசாலை அப்போது உலகப் புகழ் பெற்றிருந்தது. ஐன்ஸ்டீன் போன்ற மேதைகள் அந்த நகரில் இருந்தனர். பின்னாளில் நமது ஜனாதிபதியான டாக்டர் ஜாகிர் உசேன் சில வருஷங்களுக்கு முன்பு அங்கேதான் பொருளாதாரம் படித்து டாக்டர் பட்டம் பெற்றிருந்தார். செண்பகராமன் பிள்ளையும் அந்த நகரில்தான் வாழ்ந்துவந்தார்.

பெயர் பெற்ற பொருளாதாரப் பேராசிரியரான சோம்பார்ட்டைப் பார்க்கப் போனார் லோகியா. தம்மிடம் படிக்க வேண்டும் என்ற ஆசையை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். தமக்கு ஆங்கிலம் தெரியாதே என்று பேராசிரியர் கையை விரித்துவிட்டார். லோகியா அசரவில்லை. மூன்று மாதம் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். சொன்னபடியே மூன்று மாதத்தில் திரும்பி வந்து, ஜெர்மன் மொழியில் பேசினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர்.

ஜெர்மன் மொழியைக் கற்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால், அலிப்பால் என்று ஒன்று உண்டு. மேசை ஆண், விளக்கு பெண், புத்தகம் இரண்டும் இல்லை! பல வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். நம் தமிழ் வாக்கியமும் அப்படித்தானே முடிகிறது? இந்த ஒன்று மட்டும் நம்மவர்களுக்குச் சற்று ஆறுதல்.

தேடி வந்த உப்பு

அவர் பெர்லினில் படித்துக்கொண்டிருந்தபோது, 1930 மார்ச் 12-ந் தேதி காந்தியடிகள் தண்டிக்கு நடந்தார். ஏப்ரல் 6-ந் தேதி கடற்கரையில் உப்பை அள்ளினார். ஏப்ரல் 13-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குத் தொண்டர் படையுடன் கிளம்பினார். ஏப்ரல் 30-ல் அங்கே உப்புச் சட்டம் மீறப்பட்டது. நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர்.

கடல் கடந்து உட்கார்ந்திருந்த மாணவருக்கு மனம் எப்படி இருந்திருக்கும்! படிப்பை விட்டு ஓடி வரவில்லை அவர். படிப்பையே போராட்டமாக்கிக்கொண்டார். தம் ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், இந்தியாவின் உப்பு வரி.

கணக்கைப் பாருங்கள். அப்போது ஒரு மணங்கு உப்புக்கு வரி ஒன்றே கால் ரூபாய். மணங்குக்கு நாற்பது சேர். ஆகவே, ஒரு சேர் உப்புக்கு அரை அணா வரி. அரை அணாதானே என்று கேட்கலாம். ஆனால், உப்பை எடுக்க ஆகும் செலவைப் போல அது பல மடங்கு. பணக்காரன் பட்டு வாங்காமல் இருக்கலாம். ஏழை உப்பு வாங்காமல் இருக்க முடியுமா? கஞ்சிக்கு உப்புதான் அவனுக்குக் கறியும் குழம்பும். வெயிலில் வியர்வை சிந்தி உழைப்பவனுக்குத்தான் அதிக உப்பு தேவை. ஆகவே, அதிகம் உழைத்தவனே அதிக வரி கொடுத்தான்.

1923-ல் வரவு செலவில் துண்டு விழுந்தபோது, இந்த வரியை இரண்டரை ரூபாயாக இரட்டிப்பாக்கினார்கள். சட்டசபை மறுத்தது. வைஸ்ராய் ரீடிங் பிரபு தமது தனி அதிகாரத்தால் அதை நிறைவேற்றினார். அடுத்த வருஷம்தான் அது பழைய அளவுக்கு இறங்கியது. இத்தகைய வரலாற்றைத்தான் லோகியா ஜெர்மன் பேராசிரியர்களின் முன்னால் வைத்தார்.

ஜெனிவாவில் ஒரு சீட்டி

அவர் புத்தகப் பூச்சியாகவும் இருந்துவிடவில்லை. மத்திய ஐரோப்பாவிலிருந்த இந்திய மாணவர் சங்கத்தின் காரியதரிசியாக உழைத்தார். 1930-ல் ஜெனிவாவில் சர்வதேச சங்கம் கூடியது. இந்தியாவின் பிரதிநிதியாகப் பேச வந்தவர் பிகானீர் மகாராஜா! நாட்டு மக்கள் சிறையில் இருக்கும்போது, வெள்ளைக்காரன் அனுப்பிய மகாராஜா எப்படி இந்தியாவின் பிரதிநிதி ஆவார்?

பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்த லோகியா பலமாகச் சீட்டி அடித்தார். சபை திடுக்கிட்டது. காவலர்கள் அவரையும் உடன் வந்த நண்பரையும் வெளியேற்றினார்கள். லோகியா விடவில்லை. இந்தியாவின் உண்மை நிலையை விளக்கிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அது வெளியானதும், அந்தப் பத்திரிகையைச் சபை வாசலில் நின்று கொடுத்தார்.

பெர்லினிலும் காலம் கெட்டுக்கொண்டிருந்தது. 1932 ஆரம்பத்தில் ஜெர்மனியில் வேலையற்றோர் சுமார் 60 லட்சம். அந்த ஜூலைத் தேர்தலில் ஹிட்லர் கட்சி 230 இடங்களைப் பிடித்தது. 1933 ஜனவரி 30-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அந்த வருஷமே லோகியா தாயகம் திரும்பினார்.

சென்னையில் வந்து இறங்கினார்

அவர் கப்பலிலிருந்து இறங்கிய இடம் நம் சென்னைத் துறைமுகம். கையில் பட்டம் உண்டு, காசு இல்லை. புத்தகங்கள் வழியிலேயே பறிபோயின என்று சொல்வார்கள். கல்கத்தாவுக்கு ரயில் ஏற வேண்டும். டிக்கெட்டுக்கு என்ன செய்வது?

நேரே ‘இந்து’ பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். தம் நிலையைச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து கட்டுரை எழுதிக் கொடுத்து, கிடைத்த சன்மானத்தில் டிக்கெட் வாங்கினார். யாரிடமும் கடன் கேட்கவில்லை. ஜெர்மனியில் கற்ற படிப்பு முதன்முதலாகச் சோறு போட்டது சென்னையில்தான்!

மூன்று அணா

பிறகு நடந்தவை தேசத்தின் சரித்திரம். 1934-ல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி தோன்றியபோது முன்னணியில் நின்றார். 1942-ல் தலைமறைவாக இருந்து ரகசிய வானொலிக்குத் துணை நின்றார். பிடிபட்டு, லாகூர்க் கோட்டையில் சித்திரவதை பட்டார். 1946-ல் கோவா சென்று போர்த்துக்கீசிய ஆட்சியை எதிர்த்தார்.

தமிழ்நாட்டில் அவருக்கு எதிர்ப்பும் இருந்தது. ஆங்கிலம் அகல வேண்டும் என்று அவர் இயக்கம் நடத்தினார். ஆங்கிலம் போனால் அந்த இடத்தில் இந்தி வந்து உட்கார்ந்துவிடும் என்று தமிழர்கள் அஞ்சினார்கள். 1961-ல் சென்னையில் அவர் பேசிய கூட்டத்தில் கற்கள் விழுந்தன. அவர் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

1963-ல் லோக்சபைக்கு வந்தார். இந்நாட்டில் 27 கோடிப் பேர் நாளொன்றுக்கு மூன்று அணாவில் வாழ்வதாகக் கணக்குக் காட்டினார். பிரதமர் நேரு பதினைந்து அணா என்றார். சபையே அதிர்ந்தது. உப்புக்கு அரை அணாக் கணக்குப் பார்த்த அந்தப் பெர்லின் மாணவர், முப்பது வருஷம் கழித்தும் ஏழையின் அணாக் கணக்கை மறக்கவில்லை.

1967 அக்டோபர் 12-ல், 57-வது வயதில், டில்லி ஆஸ்பத்திரியில் காலமானார். மணம் செய்துகொள்ளவில்லை. சொத்து சேர்க்கவில்லை. அந்த ஆஸ்பத்திரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் ஆராய்ந்த உப்பு வரி, 1947 ஏப்ரலில், சுதந்திரத்துக்கு நாலு மாதம் முன்பே ஒழிந்தது. இன்று நம் பிள்ளைகள் ஏராளமான பேர் ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறார்கள். மொழி கற்கிறார்கள், குளிரைத் தாங்குகிறார்கள், வீட்டை நினைத்து ஏங்குகிறார்கள். அவர்களில் சிலர் இந்தக் கடற்கரைக் கிராமங்களிலிருந்தும் போகலாம். போகும்போது, கோவளத்திலும் செய்யூரிலும் உப்பு வாரிய அந்த வெடித்த கால்களை ஒரு தரம் நினைத்துக்கொண்டு போனால் நல்லது. லோகியா அப்படித்தான் படித்தார்.