பள்ளிகளைப் புதுக்கிய பெருந்தகை

திருவண்ணாமலையை வலம் வருவோர் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவு நடக்கின்றனர். அவ்வழியில், மலையின் மேற்குப் புறத்தே அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. அங்கே பழமை வாய்ந்த கோயில் ஒன்று உண்டு. மலைவழி நெடுகிலும் குளங்களும் மண்டபங்களும் காணப்படுகின்றன. இவையெல்லாம் ஒருவர் பொருள் கொடுக்க, வேறு பலர் உழைத்து எழுப்ப, பின்வந்தோர் பழுது நீக்கிக் காத்து வந்தவை. நகரத்துப் பெருங்கோயிலின் கிழக்கு இராச கோபுரம் 11 நிலைகளும் 217 அடி உயரமும் உடையது. அதனைத் தொடங்கியவர் விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர். அது நிறைவுற்றதோ தஞ்சையை ஆண்ட செவ்வப்ப நாயக்கர் காலத்தில். தொடங்கியவர் கண்ணால் காணாத கோபுரத்தை இன்று நாம் காண்கிறோம்.

கட்டுவதோடு நம் முன்னோர் அமைந்துவிடவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துதல் என்னும் வழக்கத்தை ஏற்படுத்தினர். விளக்கெரிக்க ஒருநாள் நெய் கொடுத்தால் அது ஒருநாளோடு முடியும். ஆகவே 90 அல்லது 96 ஆடுகளை ஓர் இடையரிடம் ஒப்படைத்து, நாள்தோறும் நெய் அளக்குமாறு செய்தனர். கிழடு கழியக் குட்டிகள் ஈடு செய்யும். மந்தையின் எண் குறையாது. அதனால் கல்வெட்டுகள் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று வழங்குகின்றன. முதலை அழியாமல் வைத்து வருவாயைச் செலவிடும் இந்நுட்பத்தைப் பொருளியல் நூல்கள் தோன்றுமுன்பே நம் சிற்றூர்கள் அறிந்திருந்தன.

பள்ளிக்கூடங்களுக்கோ இத்தகைய ஏற்பாடு பல நூற்றாண்டுகளாக வாய்க்கவில்லை. நாடு விடுதலை பெற்ற காலத்தில் நம் மாநிலத்துச் சிற்றூர்ப் பள்ளிகள் பல, கூரைக் கொட்டகைகளிலும் வாடகை வீட்டுத் திண்ணைகளிலும் சாவடிகளிலும் நடந்தன. மழை வந்தால் அன்று விடுமுறை. உட்காரப் பலகை இல்லை. பருகத் தண்ணீர் இல்லை. எழுத நல்ல கரும்பலகையும் இல்லை. இந்நிலையை மாற்ற ஓர் இயக்கத்தையே தோற்றுவித்த கல்வியாளர் நெ. து. சுந்தரவடிவேலு ஆவார்.

அவர் 1912ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெயரின் முன்னெழுத்தாகிய நெ. அவ்வூரையும், து. தந்தையார் துரைசாமியையும் குறிக்கும். சிற்றூரில் வளர்ந்து, காஞ்சிபுரத்தில் பயின்று, சென்னை மாநிலக் கல்லூரியில் உயர்கல்வி பெற்றார். இளமையிலேயே பெரியாரின் கொள்கைகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. சாதி வேற்றுமை பாராது, சுயமரியாதை முறையில் காந்தம்மையாரை மணந்தார். அரசு அலுவலில் இருந்த ஓர் இளைஞர்க்கு அக்காலத்தில் அஃது எளிய செயலன்று.

கல்வித் துறையில் பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றிய ஆண்டுகளே அவர்க்கு உண்மையான பயிற்சிக் களமாயின. ஆய்வாளரின் கண்ணுக்குத் தப்புவது யாது? பதிவேட்டில் 60 பிள்ளைகள் பெயர் இருக்கும். கொட்டகையில் 30 பேர் உட்காரவும் இடம் இராது. ஆசிரியர் நன்கு கற்பிக்க விழைவார், நிலப்படம் இராது. மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினால் நிதி இல்லை என்ற விடை வரும். அறிக்கைகள் அடுக்கடுக்காய்ச் சேர்ந்தனவேயன்றிக் கூரைகள் மாறவில்லை.

1954ஆம் ஆண்டில் காமராசர் முதலமைச்சரானார். அவ்வாண்டிலேயே சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர் பொறுப்பை ஏற்றார். அப்போது அவர் நாற்பதைச் சற்றே கடந்தவர். பள்ளியில்லாத ஊர்களில் புதிய பள்ளிகள் திறக்கப்பட்டன. 500 பேர் வாழும் ஊரில் ஒரு பள்ளி வேண்டும் என்று தொடங்கி, அதனினும் சிறிய ஊர்களுக்கும் பள்ளிகளைக் கொண்டு செல்ல அரசு முனைந்தது. பிள்ளைகள் திரண்டு வந்தனர். மகிழ்ச்சிக்குரிய இந்த வளர்ச்சியே ஒரு பெரிய இடரையும் உடன் கொணர்ந்தது.

அந்த இடர் கணக்கைப் பற்றியது. புதிய பள்ளி என்றால் புதிய ஆசிரியர். ஆசிரியர் என்றால் திங்கள்தோறும் ஊதியம். ஊதியத்தை நிறுத்த முடியாது. கட்டடத்தையோ அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம். அடுத்த ஆண்டு வந்ததும் மீண்டும் தள்ளலாம். 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டப்படி உள்ளாட்சி மன்றங்கள் கல்வி வரி விதிக்க இடம் இருந்தது. எனினும் அவ்வருவாய் பெருகிவரும் தேவைக்கு ஈடாகவில்லை. எனவே கல்விக்கான தொகையில் பெரும்பங்கு ஊதியத்துக்கே சென்றது. பிள்ளைகள் உட்காரும் இடம் பட்டியலின் கடைசியில் நின்றது.

வழி ஒன்றைக் காட்டியது மதிய உணவுத் திட்டம். 1956ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் காமராசர் அதனைத் தொடங்கி வைத்தார். முதலில் ஊராரின் நன்கொடையைக் கொண்டே உணவு சமைக்கப்பட்டது. அரசின் உதவி 1957ஆம் ஆண்டில் சேர்ந்தது. ஒரு வேளை உணவுக்கு 10 காசு எனக் கணக்கிட்டு, 6 காசை அரசு தர, 4 காசை ஊரார் ஏற்றனர். அரிசி தரவும், விறகு வெட்டித் தரவும், சமைத்துப் பரிமாறவும் ஆட்கள் முன்வந்தனர். ஏழை நாட்டு மக்கள் தம் பிள்ளைகளின் பள்ளிக்கு எதுவும் தரமாட்டார்கள் என்று நகரங்களில் இருந்துகொண்டு எண்ணியவர்களின் கருத்து இதனால் பொய்யாயிற்று. கேட்பவர் நேரில் சென்று, இன்னதற்கு இவ்வளவு வேண்டும் என்று தெளிவாகக் கேட்டால், மக்கள் தருவர் என்பதைச் சுந்தரவடிவேலு கண்டுகொண்டார்.

அவ்வறிவின் விளைவே பள்ளிச் சீரமைப்பு இயக்கம். அதன் முதல் மாநாடு 1958ஆம் ஆண்டில், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் நடைபெற்றது.

மாநாடு என்றதும் பந்தலும் பேச்சும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இவ்வியக்கத்தின் உயிர் மாநாட்டுக்கு முன்பே நிகழ்ந்த பணியில் இருந்தது. அடி அண்ணாமலை போன்றதொரு சிற்றூரை எடுத்துக்காட்டாக எண்ணிக்கொள்வோம். அவ்வூர்ப் பள்ளித் தலைமையாசிரியரும் ஊர்ப் பெரியோரும் முதலில் ஒருங்கே அமர்வர். பள்ளிக்கு இன்று எவை உள்ளன, எவை இல்லை என்று எழுதுவர். ஒரு வகுப்பறை வேண்டும், கிணறு வேண்டும், சுவருக்கு வெள்ளை பூச வேண்டும், பலகைகள், அலமாரி, கடிகாரம், தண்ணீர்ப் பானை, நிலப்படம், விளையாட்டுக் கருவி எனப் பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் என்ன விலை ஆகும் என்று மதிப்பிடுவர். பின்னர், முதலில் எது, அடுத்து எது என்று வரிசைப்படுத்துவர். பட்டியலைப் பள்ளித் துணை ஆய்வாளர் பார்வையிட்டுச் செப்பம் செய்வார்.

பட்டியல் முடிந்த பின்னரே நன்கொடை தேடுதல் தொடங்கும். நிலமுள்ளவர் நிலம் கொடுப்பர். செங்கற்சூளை வைத்திருப்பவர் செங்கல் தருவர். வண்டி உடையவர் மணல் ஏற்றி வருவர். எதுவும் இல்லாதவர் சில நாள் உழைப்பை நல்குவர். ஒரு பலகைக்கு வேண்டிய தொகையை மட்டும் தருவாரும் உண்டு. பொதுவாக நிதி தாருங்கள் என்று கேட்பதற்கும், ஐந்தாம் வகுப்புக்கு ஒரு கரும்பலகை தாருங்கள் என்று கேட்பதற்கும் உள்ள வேற்றுமையை எண்ணிப் பாருங்கள். தாம் கொடுத்த பொருளைத் தம் கண்ணால் காணலாம் என்ற உறுதி கொடுப்போர்க்கு ஊக்கம் அளித்தது. இவ்வாறு சுற்றுவட்டாரப் பள்ளிகள் பலவும் ஆயத்தமான பிறகே மாநாடு கூடும். கொடையாளர்கள் அங்கே பாராட்டப்பெறுவர். முதலமைச்சரும் அமைச்சர்களும் இயக்குநரும் நேரில் வந்து நன்றி கூறுவர். ஓர் ஊரைக் கண்டு அடுத்த ஊரும் முனையும்.

ஐந்தாறு ஆண்டுகளில் மாநிலமெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட மாநாடுகள் நடந்தன. பல கோடி ரூபாய் மதிப்புள்ள கொடைகள் பள்ளிகளை அடைந்தன. ஏழை மாணவர்க்குச் சீருடை வழங்கும் பணியும் இவ்வியக்கத்தோடு இணைந்தது. 1964 முதல் 1966 வரை இந்தியக் கல்வி முழுவதையும் ஆராய்ந்த கோத்தாரிக் குழு, சென்னை மாநிலத்தின் இம்முயற்சியைத் தன் அறிக்கையில் குறிப்பிட்டது. 1961ஆம் ஆண்டில் இந்திய அரசு சுந்தரவடிவேலுவுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

இவ்வியக்கத்தில் குறையே இல்லை என்று கூறுவது உண்மைக்குப் பொருந்தாது. செல்வர் வாழும் ஊரின் பள்ளி விரைவில் செழிக்கும்; கூலி வேலை செய்வோர் மட்டுமே வாழும் ஊரின் பள்ளி பின்தங்கும். ஆனால் வறியவரின் பிள்ளைக்கே நல்ல பள்ளி மிகுதியும் தேவை. அரசு செய்ய வேண்டிய கடமையை மக்கள் தலைமேல் ஏற்றலாமா என்ற வினாவும் நேர்மையான வினாவே. இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. கொடை ஒருமுறை வருவது. பழுதோ ஆண்டுதோறும் வருவது. கட்டடம் எழுப்பக் கொடுப்பவர் பலர். பத்தாண்டு கழித்து ஓடு மாற்றக் கொடுப்பவர் சிலர். திறப்பு விழாவுக்குப் பந்தல் போடுவோம். ஒழுகும் கூரையை அடைப்பதற்கு யார் விழா எடுப்பர்? கோயில் விளக்குக்கு வாய்த்த சாவா மூவாப் பேராடு போன்றதொரு நிலையான முதல், பள்ளிக் கட்டடங்களுக்கு இவ்வியக்கத்தால் அமையவில்லை.

எனினும் அவர் செய்தது சிறிதன்று. அன்றிருந்த நிதிநிலையில் காத்திருந்தால் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மழையில் நனைந்தே கல்வியை முடித்திருப்பர். சிறுவனுடைய பத்து வயது, அரசின் அடுத்த நிதிநிலை அறிக்கைக்காகக் காத்திராது. பள்ளி நம்முடையது என்ற எண்ணத்தை ஊராரிடம் விதைத்ததும் அவ்வியக்கமே. நூலகத் துறையின் பொறுப்பையும் உடன் ஏற்றிருந்த அவர், ஊர்தோறும் நூலகம் பரவவும் உழைத்தார்.

பின்னர்ச் சில ஆண்டுகள் தில்லியில் நடுவண் அரசின் கல்வித் துறையில் பணியாற்றினார். 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார். சோவியத்து நாடு முதலிய அயல்நாடுகளுக்குச் சென்று அங்குள்ள கல்வி முறைகளைக் கண்டறிந்து எழுதினார். நினைவு அலைகள் என்னும் அவருடைய தன்வரலாறு, அக்காலத்துக் கல்வி வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு இன்றியமையாத நூல். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் மறைந்து 11 ஆண்டுகள் சென்றபின், 2004ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள், கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற் கூரையில் பற்றிய தீ வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவிற்று. 94 குழந்தைகள் மாண்டனர். பள்ளிக்குக் கூரை வேய்வது ஓடு விலையைப் பற்றிய கணக்கு மட்டும் அன்று என்பதை நாடு அன்று கண்ணீரோடு உணர்ந்தது. அதன் பின்னரே பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு கடுமையாக முனைந்தது.

இன்று கணக்கு வேறு வகையில் எழுதப்படுகிறது. 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு, பேராசிரியர் அன்பழகன் பெயரால் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் செலவில் அரசுப் பள்ளிக் கட்டடங்களைச் சீர்செய்வது அதன் நோக்கம். ஓராண்டுக் கணக்கோடு நில்லாமல் பல்லாண்டுக்குத் திட்டமிட்டது இதன் சிறப்பு. அதே ஆண்டு இறுதியில், முன்னாள் மாணவரும் பிறரும் அரசுப் பள்ளிகளுக்குக் கொடை வழங்க, நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி என்னும் திட்டமும் தொடங்கப்பெற்றது. அரசின் கையும் ஊராரின் கையும் சேர வேண்டும் என்ற பழைய எண்ணம் இதில் மீண்டும் தோன்றக் காண்கிறோம்.

தலைமையாசிரியரும் ஊர்ப் பெரியோரும் அமர்ந்து எழுதிய அந்தத் தேவைப் பட்டியல் என்ன ஆயிற்று? 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குழந்தைகளின் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளிலும் உள்ளாட்சிப் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்கிறது. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராயிருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாயிருத்தல் வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை அக்குழுவே வகுக்கிறது. அரசு தரும் மானியத்துக்கு அத்திட்டமே அடிப்படை என்றும் சட்டம் கூறுகிறது. ஊர்ப் பெரியோர் மட்டும் அமர்ந்திருந்த இடத்தில் இன்று மாணவரின் தாய்மாரும் அமர்ந்து, கழிப்பறை முதலில் வேண்டுமா, சுற்றுச்சுவர் முதலில் வேண்டுமா என்று தீர்மானிக்கின்றனர்.