தளரா உழைப்பாளர் சார்லஸ் குட்இயர்

பனியன் நகரமாம் நமது திருப்பூரில் எலாஸ்டிக் நாடாவை அறியாத வீடு இல்லை. அதனுள் இருக்கும் ரப்பர் இழை இழுத்தால் நீளும்; விட்டால் பழைய அளவுக்கே திரும்பும். சித்திரை வெயிலில் உருகாது. மார்கழிக் குளிரில் விறைக்காது. இந்த நற்குணத்தை ரப்பருக்கு அளித்தவரின் வாழ்வை அறிவோம், தோழியரே!

சார்லஸ் குட்இயர் 1800 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவில், நியூஹேவன் நகரில் பிறந்தார். இரும்புச் சாமான் வியாபாரம் நொடித்துக் கடனாளியானார். அக்காலத்து ரப்பர்ப் பொருள்கள் கோடையில் பிசினாய் இளகின; குளிரில் கல்லாய் இறுகின. இக்குறையைத் தீர்ப்பதே தம் கடமை என அவர் துணிந்தார். கடனுக்காகச் சிறை சென்றபோதும், மனைவி கிளாரிசா கொண்டுவந்து கொடுத்த ரப்பரையும் மாவு தேய்க்கும் கட்டையையும் வைத்துச் சோதனை செய்தார்.

முதலில் மக்னீசியாத் தூளைக் கலந்தார். பிசுபிசுப்பு மறைந்தது. குடும்பமே கூடிக் காலணிகள் செய்தது. கோடை வந்ததும் அத்தனையும் இளகிப்போயின! வெறும் தூள் நிரப்புவது போதாது என்பது புரிந்தது. வறுமை வாட்டியது, பெற்ற குழந்தைகள் சிலரைப் பறிகொடுத்தார். ஆயினும் சோதனையைக் கைவிடவில்லை.

1839-இல் கந்தகம் கலந்த ரப்பர் தற்செயலாகச் சூடான அடுப்பில் பட்டது. அது உருகவில்லை, தோல்போலக் கருகியது. கருகிய பகுதியின் ஓரத்தில் அவர் தேடிய உறுதியான ரப்பர் இருந்தது! கந்தகமும் வெப்பமும் எவ்வளவு வேண்டும் என்று கண்டறிய மேலும் சில ஆண்டுகள் உழைத்து, 1844-இல் காப்புரிமை பெற்றார்.

இதன் காரணம் பின்னாளில் விளங்கிற்று. பச்சை ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் முடிச்சில்லாத நூல்கள்போல ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். கந்தகம் அவற்றை ஆங்காங்கே முடிச்சிட்டுப் பிணைக்கிறது. இன்று டயருக்கு வலிவூட்டக் கரித்தூள் சேர்த்தாலும், மெத்தைக்காக நுரை ரப்பர் வார்த்தாலும், இந்தப் பிணைப்பே அடிப்படை.

உலகம் பயன்பெற்றது, அவரோ 1860 ஜூலை முதல் நாள் பெருங்கடனுடனேயே மறைந்தார். 1898-இல் தோன்றிய குட்இயர் டயர் நிறுவனம் அவர் பெயரைத் தாங்குகிறது. அதற்கும் அவர் குடும்பத்துக்கும் தொடர்பில்லை.

அடுப்பில் பட்டது தற்செயல். அதன் பொருளை உணர்ந்தது பல்லாண்டு உழைப்பின் பயன். நாமும் தோல்வியில் துவளாமல், அது கற்பிப்பதைக் கூர்ந்து நோக்கி முன்னேறுவோம்.