சிறிய மனிதரை வரைந்த பெரிய மனிதர்



கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் உள்ள என் கைலிக் கடையில் சில மாதங்களுக்கு முன் நடந்த ஒரு சிறு சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையில் எனக்கு ஒத்தாசையாக இருப்பவன் என் அக்காள் மகன். கூட்டமில்லாத பிற்பகல் வேளையில் அவன் பில் தாளின் பின்புறத்தில் ஏதோ கிறுக்கிக் கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். நமது வாடிக்கைக்காரர் ஒருவரின் மூக்கை முருங்கைக்காய் போல் நீட்டி, தொப்பையைப் பானை போல் ஊதி வரைந்திருந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கணக்கு எழுத வேண்டிய கையால் கோமாளித்தனமா என்று கடிந்து, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

பக்கத்தில் தேநீர் குடித்துக் கொண்டிருந்த மலையாளத்து நண்பர் ஒருவர் இதைப் பார்த்துச் சிரித்தார். தம் ஊரில் இப்படிக் கிறுக்கிய ஓர் உத்தியோகஸ்தர் பின்னாளில் உலகமே மதிக்கும் படங்களை எடுத்தார் என்று சொன்னார். நம் நாட்டில் லாட் வரைந்த கம்போங் சிறுவனின் கதை 1979-இல் புத்தகமாகி, பிறகு டெலிவிஷனிலும் வந்ததை நாம் அறிவோம். மலையாளத்துக்காரரின் கதை அதற்கும் முந்தியது. அதைக் கேட்ட பிறகு தாளைக் கிழித்த கை எனக்குக் கூசிற்று. ஆகவே, நான் கேட்டும் பார்த்தும் அறிந்த அந்த மனிதரின் சரிதையை இங்கே எழுதுகிறேன். அவர் பெயர் ஜி. அரவிந்தன்.

பிறப்பும் உத்தியோகமும்

அரவிந்தன் 1935-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் கோட்டயத்தில் பிறந்தார். தந்தையார் எம்.என். கோவிந்தன் நாயர், மலையாளத்தில் நகைச்சுவை எழுத்தாளராகப் பெயர் பெற்றவர். எனவே சிரிக்க வைக்கும் வித்தை அரவிந்தனுக்குப் பிதிரார்ஜிதம் என்றே சொல்லலாம். ஆனால் தந்தையார் பேனாவால் எழுதியதை மகன் கோட்டினால் வரைந்தார்.

கல்வி முடிந்ததும் அவருக்கு ரப்பர் போர்டில் வேலை கிடைத்தது. பால்மரத்தை நம்பி வாழ்ந்த மலாயா மண்ணில் இருக்கும் நமக்கு ரப்பரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் பால்மரத் தோட்டங்களின் நலனைக் கவனிக்கும் அந்த அரசாங்க நிறுவனத்தின் தலைமையகம் கோட்டயத்தில்தான் உள்ளது. அரவிந்தன் அதில் அதிகாரியாகப் பணியாற்றினார். பின்னர் கோழிக்கோட்டிலும் அந்த உத்தியோகத்தைப் பார்த்தார்.

கோழிக்கோடு, அரபு நாட்டுக் கப்பல்கள் மிளகுக்காக வந்து நின்ற பழைய துறைமுகப் பட்டினம். வணிகர்களும் எழுத்தாளர்களும் ஒரே கடை வாசலில் அமர்ந்து பேசும் ஊர் அது. நாடக ஆசிரியர் திக்கோடியன், சிறுகதை ஆசிரியர் பட்டத்துவிள கருணாகரன் முதலியோர் அங்கே அவருக்கு நண்பர்கள் ஆயினர். பகலில் ஆபீஸ் கோப்புகள், மாலையில் நண்பர்களுடன் பேச்சும் இந்துஸ்தானி இசையும், இரவில் சித்திரம். இப்படித்தான் அவர் காலம் சென்றது.

ராமு என்னும் சிறியவன்

1961-ஆம் ஆண்டு ஜனவரியில் மாத்ருபூமி வாரப் பத்திரிகையில் அரவிந்தனின் கேலிச் சித்திரத் தொடர் ஒன்று ஆரம்பமாயிற்று. 'சிறிய மனிதர்களும் பெரிய உலகமும்' என்பது அதன் பெயருக்குத் தமிழ். 1973 வரை, ஏறத்தாழ 13 ஆண்டுகள், அது வந்துகொண்டிருந்தது. வாரா வாரம் வாசகர்கள் பத்திரிகையைக் கையில் எடுத்ததும் முதலில் தேடிய பக்கம் அதுவாகத்தான் இருந்தது என்று மலையாளிகள் இன்றும் சொல்வார்கள்.

அந்தத் தொடரின் நாயகன் ராமு என்ற இளைஞன். படித்தவன், ஆனால் வேலையில்லாதவன். குடும்பமோ கஷ்டத்தில் இருப்பது. நேர்மையாக வாழ வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு உண்டு. அவனுக்கு அறிவுரை சொல்லும் பெரியவராகக் குருஜி என்று ஒருவர் வருவார்.

சகோதரர்களே, சாதாரணமாகச் சித்திரத் தொடரில் வரும் பாத்திரங்களுக்கு வயதே ஆவதில்லை. முதல் வாரம் பார்த்த பையன் இருபது வருடம் கழித்தும் பையனாகவே இருப்பான். அரவிந்தனின் ராமு அப்படியல்ல. வாசகனுக்கு வயதாக ஆக அவனுக்கும் வயதாயிற்று. நாட்டில் நடந்த யுத்தங்களும் உணவுப் பஞ்சமும் வேலையில்லாத் திண்டாட்டமும் அவன் வாழ்க்கையில் வந்து போயின. வேலை தேடி அலைந்த ராமுவுக்கு மெல்ல மெல்ல வழி பிறந்தது. அவன் முன்னேறினான். பணம் சேர்ந்தது. உடையும் நடையும் மாறின. பெரிய மனிதர்களின் சகவாசம் வந்தது. தொடர் முடியும் தறுவாயில், ஆரம்பத்தில் நாம் நேசித்த அந்த நல்ல பையன் எங்கே போனான் என்று தேட வேண்டியதாயிற்று.

இதை எண்ணிப் பார்க்கும்போது என் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. நம் முன்னோர் கையில் ஒரு மூட்டையுடன் கப்பலில் வந்து இந்தப் பினாங்கில் இறங்கினார்கள். கடைத் திண்ணையில் படுத்து, காசு காசாகச் சேர்த்து, கடை வைத்தார்கள். சிறியவர் பெரியவராவது தவறன்று. அதற்காகத்தானே நாமும் பாடுபடுகிறோம். ஆனால் பெரியவராகும் வழியில் எந்தச் சாமானை எந்தத் துறையில் இறக்கிவிட்டு வந்தோம் என்று கணக்கெடுப்பவர் நம்மில் எத்தனை பேர்? சரக்குக்கு இருப்பெடுக்கிறோம், மனத்துக்கு எடுப்பதில்லை. ராமுவின் கதை அந்தக் கணக்கைத்தான் கேட்டது. அதுவும் திட்டிக் கேட்கவில்லை, சிரிக்க வைத்துக் கேட்டது.

சித்திரத்திலிருந்து சினிமாவுக்கு

அரவிந்தன் நாடகத்திலும் ஈடுபட்டார். அதன் பிறகு 1974-இல் 'உத்தராயணம்' என்ற படத்தை இயக்கினார். கதை திக்கோடியனுடையது, முதல் போட்டவர் நண்பர் பட்டத்துவிள கருணாகரன். வேலை தேடி அலையும் ஓர் இளைஞன், தன்னைச் சுற்றியுள்ளவர்களின் போலித்தனத்தைக் காண்பதே கதை. ராமுவின் நிழல் அதில் விழுந்திருப்பதைக் காணலாம். இந்தப் படத்தை எடுத்தபோதும் அவர் ரப்பர் போர்டு உத்தியோகஸ்தரே. பிழைப்பைக் காலால் உதைத்துவிட்டுக் கலைக்குப் போனவர் அல்லர்.

அடுத்து அவருக்குத் துணை நின்றவர் நம் இனத்தவர், அதாவது வணிகர். கொல்லத்தில் முந்திரிப் பருப்பு ஏற்றுமதி செய்த கே. ரவீந்திரநாதன் நாயர்தான் அவர். அவரை அச்சாணி ரவி என்றும் ஜெனரல் பிக்சர்ஸ் ரவி என்றும் அழைப்பார்கள். 2023-இல் காலமானார். முந்திரிப் பருப்பில் சம்பாதித்த பணத்தைக் கொண்டு அரவிந்தனுக்கு ஐந்து படங்கள் எடுக்க முதல் கொடுத்தார்: 'காஞ்சன சீதா' (1977), 'தம்பு' (1978), 'கும்மாட்டி' (1979), 'எஸ்தப்பான்' (1980), 'போக்குவெயில்' (1981). இவை கூட்டம் முண்டியடிக்கும் படங்கள் அல்ல.  படம் நகரவே இல்லை என்று குறை சொன்னவர்களும் உண்டு. அப்படியிருந்தும் அந்த வணிகர் ஒரு படத்தோடு நிறுத்தவில்லை. டைரக்டரின் வேலையில் தலையிட்டதாகவும் யாரும் சொன்னதில்லை. கொல்லத்தில் பொது நூலகம் எழும்பவும் முன்னின்றவர் அவர். லாபம் என்பதைப் பேரேட்டில் மட்டும் பார்க்காத வணிகர் என்று இவரைச் சொன்னால் மிகையாகாது.

'காஞ்சன சீதா'வில் ராமாயண பாத்திரங்களாக நடித்தவர்கள் ஆந்திராவின் ராமசெஞ்சு என்னும் மலைவாசிகள். ராஜா வேஷத்துக்கு ஜரிகையும் கிரீடமும் தேடும் காலத்தில் இது பெரிய துணிச்சல். அந்தப் படத்துக்காக இந்திய அரசின் சிறந்த டைரக்டர் விருது அவருக்குக் கிடைத்தது. அடுத்த 'தம்பு'வுக்கும் அதே விருது.

'தம்பு' என்றால் கூடாரம். பாரதப்புழை ஆற்றங்கரையில் ஒரு கிராமத்துக்கு ஏழை சர்க்கஸ் கம்பெனி ஒன்று லாரியில் வந்து இறங்குகிறது, கூடாரம் அடிக்கிறது, சில நாள் வித்தை காட்டிவிட்டுப் போய்விடுகிறது. கதை அவ்வளவுதான். உண்மையான சர்க்கஸ்காரர்களையும் உண்மையான கிராமத்தாரையும் வைத்தே எடுத்தார். விளக்கையும் காமிராவையும் பார்த்து முதலில் கூச்சப்பட்ட ஜனங்கள், வித்தை சூடு பிடித்ததும் அனைத்தையும் மறந்து வாயைப் பிளந்து பார்த்தார்கள். அந்த முகங்களைத்தான் அவர் படம் பிடித்தார். கேலிச் சித்திரக்காரருக்கு முகம்தானே சரக்கு! காமிரா பிடித்த ஷாஜி என். கருண் பின்னாளில் தாமே பெயர் பெற்ற டைரக்டரானார்.

முனியாண்டியின் கதை

1985-இல் வந்த 'சிதம்பரம்' படத்துக்கு அரவிந்தனே முதலாளியுமானார். தமிழராகிய நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. கேரள மலையில், மூணாற்றுப் பக்கம், ஒரு மாட்டுப் பண்ணை. அங்கே கூலி வேலை செய்யும் முனியாண்டி என்னும் தமிழன் தன் ஊரில் சிவகாமியை மணமுடித்து அழைத்து வருகிறான். பண்ணை ஆபீஸில் மேலாளாக இருக்கும் சங்கரன் அவனுடன் நட்பாகப் பழகுகிறான். பிறகு அந்த வீட்டுக்கே துரோகம் செய்கிறான். முனியாண்டி உயிரை மாய்த்துக் கொள்கிறான். சங்கரன் ஊர் ஊராக ஓடுகிறான், குடிக்கிறான், ஆனால் மனச்சாட்சியிடமிருந்து ஓட இடமில்லை. கடைசியில் சிதம்பரம் கோயில் வாசலில், செருப்புகளைக் காத்துக் கொண்டிருக்கும் ஒரு பெண்ணைக் காண்கிறான். அவள் சிவகாமி.

அந்த ஆண்டின் சிறந்த படம் என்று இந்திய அரசு இதற்குப் பரிசளித்தது. மேலாளும் கூலியும் தோளில் கை போட்டுப் பழகினாலும், அடி விழும்போது அது யார் முதுகில் விழுகிறது என்பதைப் படம் காட்டுகிறது. சம்பளம் கொடுக்கும் இடத்தில் இருப்பவர் எவரும் இதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக எழுந்து போக முடியாது.

1986-இல் 'ஒரிடத்து' வந்தது. ஒரு கிராமத்துக்கு முதன்முதலாக மின்சாரம் வருகிறது. விளக்கு எரிந்தால் துன்பமெல்லாம் தீர்ந்துவிடும் என்று ஊர் நம்புகிறது. முடிவில் அந்த மின்சாரமே ஓர் உயிரைக் குடிக்கிறது. பழைய சித்திரத் தொடரின் கேலி இதில் மீண்டும் தலைகாட்டியது. இதன் மூலம் மூன்றாம் முறையாகச் சிறந்த டைரக்டர் விருதைப் பெற்றார்.

அக்காலத்தில் இந்தியாவில் டெலிவிஷன் வீடு வீடாக நுழைந்து கொண்டிருந்தது. அரவிந்தன் அதையும் இழிவாக எண்ணவில்லை. 1988-இல் அரசாங்க டெலிவிஷனான தூர்தர்ஷனுக்காக 'மாறாட்டம்' என்ற படத்தைச் செய்தார். வேஷம் எது, வேஷக்காரன் எவன் என்ற கேள்வியே அதன் கரு. குறும்படங்களும் பல எடுத்தார். மற்றவர் படங்களுக்கு இசையும் அமைத்தார். 1990-இல் பத்மஸ்ரீ பட்டம் வந்தது.

முடிவும் பாடமும்

அவரது கடைசிப் படம் 'வாஸ்துஹாரா'. கிழக்கு வங்காளத்து அகதிகளை அந்தமான் தீவில் குடியேற்றுவதற்காக ஆள் பொறுக்கக் கல்கத்தா செல்லும் அதிகாரி ஒருவர், அந்த அகதிகளிடையே தம் சொந்த இரத்த உறவைக் காண்கிறார். பட்டியலில் வெறும் எண்ணாக இருந்தவர்கள் அப்போது மனிதராகிவிடுகிறார்கள். அந்தப் படம் வந்த 1991-ஆம் ஆண்டிலேயே, மார்ச் 15-ஆம் நாள், திருவனந்தபுரத்தில் மாரடைப்பால் அரவிந்தன் காலமானார். வயது 56.

அவர் போன பிறகு அவர் படங்களின் கதி என்ன? சொன்னால் வருத்தம். மூல நெகட்டிவ்கள் கெட்டுத் தொலைந்தன. எஞ்சிய பிரதிகளைக் கொண்டு 'கும்மாட்டி'யும் 'தம்பு'வும் புதுப்பிக்கப்பட்டன. 'தம்பு' 2022-இல் பிரான்சு நாட்டுக் கான் பட விழாவில் திரையிடப்பட்டது. அரைநூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்துக்குப் பின், ஆற்றங்கரைக் கிராமத்து முகங்களை அயல்நாட்டார் பார்த்தார்கள். பத்திரத்தையும் ரசீதையும் பூட்டி வைக்கும் நாம், ஒரு மனிதனின் உழைப்பை மட்டும் ஏன் பூச்சிக்கு விடுகிறோம்?

ரப்பர் அதிகாரி, சித்திரக்காரர், நாடகக்காரர், படமுதலாளி என்று அரவிந்தன் எத்தனையோ தொழில் பார்த்தார். ஆனால் முதல் வாரத்தில் வரைந்த அந்தச் சிறிய மனிதனை அவர் கடைசி வரை கைவிடவில்லை. ராமுவை வரைந்தவர் தாம் ராமுவாகிவிடவில்லை. இதுவே அவர் சரிதையில் நான் கண்ட முத்து.

என் அக்காள் மகனிடம் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. நான் வாங்கிக் கொடுத்ததுதான். கணக்கை முடித்த பின் வரையலாம் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். சென்ற வாரம் அதைப் புரட்டினேன். கல்லாவின் பின்னால் புருவத்தை நெரித்துக் கொண்டு, கைவேலைக்காரப் பையனை நோக்கி விரலை நீட்டும் ஓர் உருவம் இருந்தது. மூக்கைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது. இம்முறை நான் கிழிக்கவில்லை. அந்த விரலைத்தான் நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்தேன்.