'ஓலா போலா' முத்து தெரியும், நிஜ ஆறுமுகம் தெரியுமா?

2016-இல் வெளிவந்த 'ஓலா போலா' படத்தைப் பார்த்தவங்களுக்கு கோல் காவலர் முத்துக்குமாரை ஞாபகம் இருக்கும். முத்து கற்பனைப் பாத்திரம். அந்த இடத்தில் நிஜமாக நின்றவர் ஆர். ஆறுமுகம். ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் தாத்தா யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்க. 'ஸ்பைடர்மேனா?' என்று அவரே திருப்பிக் கேட்கலாம்.

1953-இல் கிள்ளான் துறைமுகத்தில் பிறந்தவர் ஆறுமுகம். நீளமான கைகள். மற்றவர்களுக்கு எட்டாத பந்தும் அவருக்கு எட்டும். ஸ்பைடர்மேன் என்ற பட்டப்பெயர் வந்ததே அதனால்தான்.

சிலாங்கூரின் பொற்காலத்தில் விளையாடியவர் அவர். மலேசியக் கிண்ணத்தை சிலாங்கூர் 1978, 1979, 1981 என மூன்று முறை சிங்கப்பூரைத் தோற்கடித்தே வென்றது. இன்றைய ரசிகர்களுக்கு அந்தப் போட்டியின் சூடு புரிவது கொஞ்சம் கஷ்டம். அப்போது சிங்கப்பூரும் மலேசியக் கிண்ணத்தில் ஆடியது, அரங்கம் நிரம்பி வழியும்.

தேசிய அணிக்கு 1973-இல் வந்தார். அடுத்த ஆண்டே தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியாவுக்கு வெண்கலம். 1977, 1979 சீ போட்டிகளில் தங்கம். கோல் அடித்த மொக்தார் டஹாரியின் பெயர்தான் முதலில் வரும், அது நியாயம்தான். ஆனா முன்னால் இருப்பவர்கள் துணிந்து ஏறி ஆட, பின்னால் நம்பிக்கையான ஒருத்தர் வேணுமே! சந்தோக் சிங், சோ சின் ஆன் போன்ற தற்காப்பு வீரர்களுக்குப் பின்னால் அந்த ஒருத்தராக இருந்தவர் ஆறுமுகம்.

இனி 1980. மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம், எதிரணி தென் கொரியா. ஜெயித்தால் ஒலிம்பிக், தோற்றால் வீடு. ஆட்டம் 1-1 என்று சமநிலையில் இருந்தபோது, கடைசி நிமிடங்களில் ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் கோலாக்கினார். மலேசியா 2-1.

ஆனா அணி மாஸ்கோ போகவே இல்லை.

காரணம் காற்பந்து இல்லை, அரசியல். 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க அமெரிக்கா அழைப்பு விடுத்தது, 60-க்கும் மேற்பட்ட நாடுகள் மாஸ்கோ போகவில்லை. மலேசியாவும் அதில் ஒன்று. மலேசியாவின் இடம் ஈராக்குக்குப் போனது. ஈராக் காலிறுதி வரை முன்னேறியது என்பதுதான் இன்னும் வலிக்கும் விஷயம். நம்ம ஆளுங்க போயிருந்தா எவ்வளவு தூரம் போயிருப்பாங்க என்ற கேள்வி காப்பிக்கடைகளில் இன்னும் ஓயவில்லை.

ஆறுமுகத்துக்கு அப்போது 27 வயது. ஒரு கோல் காவலருக்கு அது உச்சத்தை நெருங்கும் வயது. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு மலேசியா தகுதி பெறவில்லை. பல நாடுகளை எதிர்த்து நின்ற அந்தக் கைகளுக்கு ஒலிம்பிக் பந்து ஒன்றைக்கூடப் பிடிக்கும் வாய்ப்பு அமையவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி வரை தேசிய அணியில் தொடர்ந்தார். 1988 டிசம்பர் 18-ஆம் தேதி நடந்த கார் விபத்தில் காலமானார். வயது 35. 'ஓலா போலா' திரைக்கு வர இன்னும் 27 ஆண்டுகள் இருந்தன.

படத்தில் முத்துவுக்குக் குடும்பம், சிரிப்பு, கண்ணீர் எல்லாம் திரைக்கதைக்காகச் சேர்த்தவை. கொரியாவை வென்றதும் மாஸ்கோ கைநழுவியதும் மட்டும் நிஜம். அதற்குப் பிறகு ஆண்கள் ஒலிம்பிக் காற்பந்துக்கு மலேசியா ஒருமுறைகூடத் தகுதி பெறவில்லை.